பற்றுச்சீட்டு எங்கள் கோப்பிலேயே கிடந்தது

கோடை விடுமுறை விட்ட மறுநாள் காலையிலேயே எங்கள் வீதியிலுள்ள ஆரம்பப் பாடசாலையைச் சுற்றி இரும்பு வேலி நாட்டிவிட்டார்கள். பழைய யன்னல்களைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி யன்னல்களைப் பொருத்துதல், சிறுவர் மலசலகூடங்களைப் புதுக்குதல், கூரையின் கீழ் வெப்பக்காப்பு இடுதல் என மூன்று வேலைகள். செப்டெம்பர் தொடக்கத்தில் பிள்ளைகள் திரும்புவதற்குள் அத்தனையும் முடிந்தாக வேண்டும். பிரான்சில் ஆரம்பப் பாடசாலைக் கட்டடத்துக்குப் பொறுப்பு நகரசபை. ஆகவே நகரசபையின் உத்தியோகத்தர் நாள்தோறும் வந்து போகிறார்.

அங்கே சாந்து சுமப்பவர்களுள் நம்மவர் ஒருவரும் உளர். மாலையில் தேநீர் அருந்தும்போது அவர் சொன்ன செய்தி ஒன்று என்னை இக்கட்டுரைக்குத் தூண்டியது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையிலும் கட்டடக்கலைஞர், நகரசபை உத்தியோகத்தர், யன்னல்காரர், குழாய்க்காரர், மின்காரர் எல்லோரும் அந்த முற்றத்தில் கூடுவார்களாம். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த வேலை எத்தனை நாள் பிந்தியிருக்கிறது, அதை எவர் எந்தத் திகதிக்குள் ஈடுசெய்வார் என்பதெல்லாம் எழுத்தில் ஏறி, மறுநாளே அனைவர்க்கும் அனுப்பப்படுமாம். "மழை பெய்த நாளையும் எழுதுறாங்கள், அண்ணை. பிறகு மழையைச் சாட்டி ஒருத்தரும் தப்பேலாது" என்றார் அவர்.

இதைக் கேட்டபோது எனக்கு ஊர்ப் பாடசாலையின் நினைவு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. சென்ற மாதம் வாசகி ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கும் நான் இன்னும் விடை கூறவில்லை. "எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திருத்துவதற்குக் குடும்பத்துக்கு நூறு யூரோ கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கொடுத்தால் அந்தக் காசு சுவராகிறதா என்று எப்படி அறிவது?" என்று அவர் கேட்டார். அவர் உணவகமொன்றில் பாத்திரம் கழுவுபவர். நூறு யூரோ அவருக்கு எத்தனை மணித்தியாலம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுக்க வேண்டும் என்பதே என் விடை. இரண்டாவது கேள்விக்கு விடையாக, எங்கள் சங்கம் செய்த பிழையைச் சொல்கிறேன். இதுவரை நாங்கள் இதைப் பொதுவில் எழுதியதில்லை.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 ஆனியில் இடம்பெயர்ந்தோம். பல ஆண்டுகளின் பின் காணிகள் விடுவிக்கப்பட்டுச் சனங்கள் திரும்பியபோது ஆரம்பப் பாடசாலையின் சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய சுவர்கள் ஆதலின் அவை தாக்குப்பிடித்தன. தொண்டு நிறுவனமொன்று நீண்ட மண்டபத்துக்குக் கல்நார்த் தகடு போட்டுக் கொடுத்தது. முதலாம் வகுப்பு அறை மட்டும் வானம் பார்த்தபடி கிடந்தது. அதைத் திருத்தும் பொறுப்பைப் பிரான்சிலுள்ள பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்றோம்.

20 அடிக்கு 20 அடி அறை. பிற்காலத்தில் மேல்மாடி கட்டலாம் என்ற ஆசையால் ஓட்டுக்கூரை வேண்டாம், பிளேற் போடுவோம் என்று தீர்மானித்தோம். 2021 ஐப்பசியில் ஊரிலுள்ள ஒப்பந்தகாரர் ஒருவருடன் 18 இலட்சம் ரூபாவுக்கு உடன்படிக்கை. வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எடுத்தோம். பாதிப் பணத்தை முதலிலேயே அனுப்பினோம். அப்போது ஒரு யூரோ ஏறத்தாழ 230 ரூபா. ஒரு பை சீமெந்து ஆயிரம் ரூபாவளவில் இருந்தது.

அதன்பின் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். 2022 பங்குனியில் இலங்கை ரூபா சரிந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, எரிபொருளுக்கு நீண்ட வரிசை, சீமெந்துக்குத் தட்டுப்பாடு. சில மாதங்களுக்குள் சீமெந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. யூரோவின் பெறுமதியும் 370 ரூபாவைத் தாண்டியது. அந்த வைகாசியிலேதான் எங்கள் பிளேற் போடப்பட்டது. ஒளிப்படங்கள் வந்தன: பலகை அடித்த படம், மேசன்மார் வரிசையாக நின்று சட்டி மாற்றும் படம், பொங்கல் பானையோடு ஒரு படம். நாங்கள் லாச்சப்பலில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடி அவற்றைப் பார்த்துக் கைதட்டினோம்.

அன்று பொருளாளர் ஒரு நற்செய்தியும் அறிவித்தார். மீதி 9 இலட்சம் ரூபாவை அனுப்ப, பழைய பெறுமதிப்படி 3,900 யூரோ வேண்டியிருந்தது. இப்போது 2,400 யூரோவே போதும். சங்கத்துக்கு 1,500 யூரோ மிச்சம்! அதற்கும் கைதட்டினோம். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது, ரூபா சரிந்த நாட்டில் ரூபாவில் விலை பேசிய மனிதன் என்ன செய்வான் என்று அந்த மண்டபத்தில் இருந்த இருபத்தைந்து பேரில் ஒருவரேனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நான் அப்போது செயலாளர்.

அந்த ஆண்டு கார்த்திகை மழைக்கு முதலாம் வகுப்பு ஒழுகியது. முதலில் ஈரக்கறை தெரிந்தது, பிறகு சொட்டு, தை மாதத்தில் வளையின் அடிப்பக்கத்துப் பூச்சு ஓர் உள்ளங்கையளவு கழன்று விழுந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழுந்த இடத்துக்கு நேர்கீழே ஆறு வயதுப் பிள்ளைகளின் பாய் விரித்திருந்தது. அதிபர் அறையைப் பூட்டித் திறப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு எங்களுக்குத் தகவல் தந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியலாளர் ஒருவரை அழைத்தோம். அவர் சோதனைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, இரண்டு இடங்களில் துளைத்து மாதிரி எடுத்து, கொங்கிறீற்றில் சீமெந்து போதாது என்றார். பிறகு எங்களைப் பார்த்து மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பை வாங்கினவை? பற்றுச்சீட்டு இருக்கோ?"

பற்றுச்சீட்டு இருந்தது. எங்கள் கோப்பிலேயே கிடந்தது. ஒப்பந்தகாரர் எதையும் மறைக்கவில்லை. பிளேற்றுக்கென வாங்கிய சீமெந்து 24 பை என்று தெளிவாக எழுதிய சீட்டை அவரே அனுப்பியிருந்தார். நாங்கள் அதில் தொகையை மட்டும் பார்த்தோம், கூட்டிச் சரிபார்த்தோம், துளையிட்டுக் கோத்தோம்.

பொறியியலாளர் செய்து காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க கணக்கு அது. 20 அடி நீளம், 20 அடி அகலம்: 400 சதுர அடி. பிளேற்றின் தடிப்பு 5 அங்குலம். 400ஐ 5ஆற் பெருக்கி 12ஆற் பிரித்தால் 167 கன அடி. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்ற வழக்கமான கலவையில் 100 கன அடி கொங்கிறீற்றுக்குச் சுமார் 18 பை சீமெந்து வேண்டும். எனவே 167 கன அடிக்கு 30 பை. நடுவிலும் சுற்றிலும் உள்ள வளைகளுக்கு இன்னும் பத்துப் பையாவது வேண்டும். நாற்பது பை போட வேண்டிய இடத்தில் இருபத்துநான்கு.

குறைந்தது பதினாறு பை. பை ஒன்று 2,500 ரூபா என்று வைத்தாலும் 40,000 ரூபா. அன்றைய பெறுமதியில் அது நூறு யூரோவுக்குச் சற்று மேல். 1,500 யூரோ மிச்சம் பிடித்துக் கைதட்டிய நாங்கள், நூறு யூரோ போதாமல் ஒரு பிளேற்றை இழந்தோம்.

ஒப்பந்தகாரரை ஊர்க்குழு அழைத்து விசாரித்தது. அவர் மறுக்கவில்லை. "ஆயிரத்துக்கு விலை குறிச்சன், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினன். கூடக் கேட்டால் வெளிநாட்டில இருக்கிறவை கள்ளன் எண்டு சொல்லுவினம் எண்டு பயம்" என்றாராம். அவர் செய்தது பெரும்பிழை. பிள்ளைகளின் தலைக்கு மேல் செய்த பிழை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விலை ஏறினால் என்ன செய்வது என்று உடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை, மாதம் ஒருமுறை அழைத்து "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்கவும் எங்களில் ஆள் இல்லை. பிளேற்றை உடைத்தகற்றும் வேலையை அவர் கூலியின்றிச் செய்து கொடுத்தார். புதிய பிளேற்றுக்கு முன்னையதைவிட இருமடங்கு செலவாயிற்று.

இனி, இரண்டாவது முறை என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எழுந்த தடை பணமன்று, மரியாதை. ஊர்க்குழுவின் தலைவர் எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற அதிபர். எங்களிற் பலருக்கு ஏடு தொடக்கி ஆனா எழுதப் பழக்கியவர். ஒவ்வொரு வாரமும் அளவும் கணக்கும் எழுத்தில் வேண்டும் என்று நான் தொலைபேசியில் கூறியதும் மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "தம்பி, என்னிட்டையே கணக்குக் கேக்கிறியளோ?" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. நம் சமூகத்தில் பல நல்ல வேலைகள் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துபோகின்றன. ஒன்று, வெட்கப்பட்டு எவரும் கேளாமல் விடுவார்கள். அல்லது கேட்ட விதத்தில் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் பகை மூளும்.

மறுநாள் மீண்டும் அழைத்தேன். "மாஸ்ரர், உங்களிட்டை இல்லை. நீங்கள் எங்கடை கொப்பியைத் திருத்தாமல் ஒரு நாளாவது விட்டனீங்களோ? இது சீமெந்தின்ரை கொப்பி" என்றேன். அவர் சிரித்தாரா, செருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் இரண்டு நாளில் அவரே ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார்: பொதுவேலைப் பகுதியில் முன்னாளில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். அவர் பாடசாலைக்கு அடுத்த ஒழுங்கையில் வசிக்கிறார். அவருக்குச் சிறிய தொகை ஒன்றைக் கொடுப்பனவாகத் தீர்மானித்தோம். சும்மா செய்யும் மேற்பார்வை இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும் என்பது எங்கள் அனுபவம். அதனால் இந்தச் செலவு வீண் என்று கூட்டத்தில் வாதிட்டவர்களோடு நான் கடுமையாகவே முரண்பட்டேன்.

ஓவசியர் ஐயா நாற்பது தாள் கொப்பி ஒன்று வாங்கி நாள்தோறும் ஒரு பக்கம் எழுதினார். வேலைக்கு வந்த மேசன் எத்தனை, கூலியாள் எத்தனை, சீமெந்து வந்தது எத்தனை பை, பாவித்தது எத்தனை, அறையில் மீதி எத்தனை, மழையா வெயிலா, அன்று முடிந்த வேலை எத்தனை அடி. மாலையில் அந்தப் பக்கத்தை அவருடைய பேத்தி கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்புவாள். ஒரு பக்கத்தில் "தண்ணீர் உவர். வேலை நிறுத்தப்பட்டது. நாளை கோயிற் கிணற்றுத் தண்ணீர்" என்றிருந்தது. விசாரித்தால், பாடசாலைக் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தே நிறுத்தினாராம். எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல். கடலோரக் கிணறுகள் பல உவரானவை. உப்பு நீரும் கழுவாத கடல்மணலும் கொங்கிறீற்றுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், பருத்த துரு கொங்கிறீற்றைப் பிளக்கும். கருங்கற் சல்லியும் குடாநாட்டில் இல்லை, வன்னியிலிருந்து லொறியில் வரவேண்டும். அந்த லொறிக்காரர் தந்த சீட்டில் எழுதிய கியூப் அளவையும் ஓவசியர் ஐயா நாடா பிடித்து அளந்து, குறைந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.

ஒளிப்படம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூசி வெள்ளையடித்த சுவர் எல்லாம் படத்தில் ஒரே அழகுதான். மூடப்படுவதற்கு முன் எடுக்கும் படமே எங்களுக்குப் பயன்பட்டது: கம்பி கட்டிய பின், கொங்கிறீற் கொட்டுவதற்கு முன், இரண்டு கம்பிக்கு இடையில் அளவுநாடாவை வைத்து எடுத்த படம். நிலத்துக்குள் போகும் குழாயை மண் மூடுவதற்கு முன் எடுத்த படம். இப்படங்கள் வந்து, பாரிசில் கட்டட வேலை செய்யும் எங்கள் உறுப்பினர் இருவர் பார்த்துச் சரி என்ற பின்னரே கொங்கிறீற் போட அனுமதித்தோம். ஒருமுறை கம்பியின் கீழ் வைக்கும் சீமெந்துக் கட்டைகள் இல்லாமல் கம்பி பலகையில் படுத்துக் கிடந்ததைப் படத்திலேயே கண்டு நிறுத்தினார்கள். அந்த இருவரும் கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள். ஊரில் பெரும் படிப்புப் படித்த எங்களுக்கு அது கண்ணிற் படவில்லை.

கொங்கிறீற் போட்ட அன்று ஆறங்குல இரும்புப் பெட்டிகளில் ஆறு கட்டிகள் வார்த்து எடுத்தோம். அவற்றில் மூன்றை ஏழாம் நாளும் மூன்றை இருபத்தெட்டாம் நாளும் ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். ஏழாம் நாளில் முழுவலுவின் மூன்றில் இரண்டு பங்களவு வந்திருக்க வேண்டும். வந்திருந்தது. அதற்கான செலவு மிகச் சிறிது. முதல்முறையும் அதைச் செய்திருந்தால் பூச்சு வேலைக்கு முன்பே பிழை தெரிந்திருக்கும்.

நீரூட்டும் பொறுப்பை இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயாரிடம் கொடுத்தோம். பிளேற்றின் மேல் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி, காலையும் மாலையும் குறையும் நீரை நிரப்ப வேண்டும். ஏழு நாள் கட்டாயம், அந்த வெயிலுக்குப் பதினான்கு நாள் நல்லது என்றார் பொறியியலாளர். அத்தாய் பதினைந்து நாள் ஊற்றி, கொப்பியில் நாளுக்கு இரண்டு கையொப்பம் இட்டார்.

பணத்தை ஐந்து கட்டமாகப் பிரித்தோம். அளந்து முடிந்த வேலைக்கு மட்டும் பணம். சீமெந்து, கம்பி விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் ஒப்பந்தகாரர் எழுத்தில் அறிவிக்க வேண்டும், சங்கம் வித்தியாசத்தைத் தரும் என்று எழுதினோம். பத்து விழுக்காட்டை ஓராண்டு நிறுத்திவைப்போம் என்றும் எழுதினோம். இந்தக் கடைசி வரிக்கு ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் நாம் வாழும் நாட்டிலும் இதுவே வழக்கம்: 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு வரை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கலாம், கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் பெரும்பிழைகளுக்கு கட்டியவர் பத்தாண்டு பொறுப்பு. எங்கள் ஊருக்கு நாங்கள் வைத்த ஓராண்டின் கருத்து எளிது: ஒரு மாரி கழிய வேண்டும். குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதுவே எங்களுக்குப் பரீட்சை.

முதலாம் வகுப்பு 2023இல் திரும்பத் திறக்கப்பட்டது. அடுத்தது மண்டபம். 80 அடி நீளம், மேலே கல்நார்த் தகடு, பல இடங்களில் வெடிப்பு. இலங்கையில் நெடுங்காலமாக இது ஏழைக்கும் பாடசாலைக்கும் உரிய கூரை. பிரான்சில் கல்நார் 1997 தை முதலாம் திகதியுடன் தடைசெய்யப்பட்டது. அதன் தூசி நெஞ்சுக்குள் போய்ப் பல பத்தாண்டுகளின் பின் புற்றுநோயாக வெளிப்படும் என்பதே காரணம். கூட்டத்தில் சிலர், தகட்டுக்குத் தகடு மாற்றினால் செலவு பாதிதான் என்றார்கள். அது உண்மை. "இங்கே எங்கள் பிள்ளைக்கு ஆகாத கூரை அங்கே ஆகுமோ?" என்று ஓர் அம்மா கேட்டார். அத்தோடு அந்த வாதம் நின்றது. ஓடு என்று முடிவாயிற்று.

பழைய தகடுகளை இறக்குவதே பெரிய காரியம். உடைக்கக்கூடாது, வாளால் அறுக்கக்கூடாது. நீர் தெளித்து நனைத்து, ஆணியைச் சுழற்றிக் கழற்றி, முழுத்தகடாகக் கீழிறக்கித் தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். அந்நாட்களில் பிள்ளைகள் வளவுக்குள் வராதபடி வகுப்புகளைச் சனசமூக நிலையத்துக்கு மாற்றினார் அதிபர். கோழிக்கூட்டுக்கு இரண்டு தகடு, குசினித் தாழ்வாரத்துக்கு நான்கு தகடு என்று கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்வதற்கே மாஸ்ரர் இரண்டு நாள் படலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சில்லை. எல்லாவற்றையும் ஒதுக்குப்புறத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, இடத்தைக் கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறார் ஓவசியர் ஐயா.

கைமரங்களுக்குப் பனை. தறிப்பதற்கு அனுமதி எடுக்கவே ஒரு மாதம் சென்றது. வைரம் பாய்ந்த முதுபனை என்று விலை கொடுத்ததில் மூன்று மரம் இளம்பனை. அவற்றைக் கொப்பியில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். தங்கொட்டுவைப் பக்கத்திலிருந்து ஓடு வந்து, 2024 புரட்டாதியில் கூரை முடிந்தது. இரண்டு கிழமை பிந்தியது. காரணமும் கொப்பியில் உண்டு.

இங்கே படிக்கும் நம் பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. ஒவ்வொரு தவணையிலும் ஒருமுறையாவது பாடசாலைச் சபை கூடுகிறது. அதில் நகரசபையின் பிரதிநிதியும் உட்காருகிறார். பெற்றோர் பிரதிநிதிகளை ஐப்பசியில் தெரிவு செய்வார்கள். வாக்களிக்கவும் போட்டியிடவும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டியதில்லை. பெற்றோராக இருந்தாற் போதும். 1997 யூலைக்கு முன் கட்டட அனுமதி பெற்ற பொதுக்கட்டடங்களுக்குக் கல்நார் பற்றிய கோப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கட்டடத்தைப் பயன்படுத்துவோர் அதைப் பார்க்கக் கேட்கலாம். மொழி தடக்கினால் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். என் மகள் பன்னிரண்டு வயதில் எனக்காகக் கேட்டாள்.

தொலைபேசியில் கேட்ட வாசகிக்கு: நூறு யூரோவைக் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். பணத்தை எத்தனை கட்டமாக அனுப்புகிறார்கள்? நாள்தோறும் எழுதுபவர் யார்? கடைசிப் பத்து விழுக்காடு எப்போது கொடுக்கப்படும்? இம்மூன்றுக்கும் விடை இல்லையென்றால் கோபிக்காமல், உடன்படிக்கை எழுதும் நாளன்று உங்களையும் அழைக்கச் சொல்லுங்கள். கட்டட வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நம் ஒவ்வொரு ஊரிலும் அத்தகையோர் பாரிசில் பத்துப்பேராவது இருப்பர்.

மண்டபத்தின் பரீட்சை 2024 கார்த்திகை இறுதியில் வந்தது. பெங்கால் புயலோடு வந்த பெருமழையில் யாழ்ப்பாணத்தில் பல்லாயிரம் பேர் வீடு வாசலில் வெள்ளம் ஏறி இடம்பெயர்ந்தார்கள். எங்கள் ஊரிலும் பள்ளமான ஒழுங்கைகளில் இருந்தவர்கள் பாடசாலை மண்டபத்துக்கு வந்தார்கள். அந்த இரவுகளில் பாரிசில் நாங்கள் கைத்தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் மின்சாரம் வந்தபின் பேத்தி அனுப்பிய பக்கத்தில் ஓவசியர் ஐயாவின் நடுங்கும் கையெழுத்தில் இவ்வாறு இருந்தது: "மழை. மண்டபத்தில் பதினொரு குடும்பம். முதலாம் வகுப்பில் ஐந்து. ஒழுக்கு இல்லை. வடக்குப் பக்கத்தில் ஓடு நான்கு விலகியது. மேசன் வந்து சரிசெய்தார், கூலி வாங்கவில்லை."

நிறுத்திவைத்த பத்து விழுக்காட்டை 2025 புரட்டாதியில் ஒப்பந்தகாரருக்குக் கொடுத்துவிட்டோம். மலசலகூடத்துக்கான மதிப்பீடு இப்போது வந்திருக்கிறது. அதில் சீமெந்துப் பை எத்தனை என்று முதலில் கேட்டவர் எங்கள் பொருளாளர்.